மதுரையைவிடப் பக்கம் யாழ்ப்பாணம்... ஆனால், போய்ச் சேர எவ்வளவு நேரம்?

இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். "சென்னை விமான நிலையத்திலிருந்து வானில் நேராகப் பறந்தால் எது பக்கம்? கோவையா, மதுரையா, யாழ்ப்பாணமா?"

பெரும்பாலானவர்கள் முதலில் யாழ்ப்பாணத்தைத்தான் கழித்துவிடுவார்கள். அது வெளிநாடு, நடுவில் கடல், பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும். அது எப்படிப் பக்கமாக இருக்கும்?

ஆனால், விடை அதுதான்! வான்வழி நேர்கோட்டுத் தூரக் கணக்கு இதோ.

* சென்னை - யாழ்ப்பாணம் (பலாலி): சுமார் 355 கி.மீ.
* சென்னை - கோவை: சுமார் 405 கி.மீ.
* சென்னை - மதுரை: சுமார் 415 கி.மீ.
* சென்னை - கொழும்பு (கட்டுநாயக்க): சுமார் 645 கி.மீ.

திருச்சிக்காரர்களுக்கு இன்னும் பெரிய ஆச்சர்யம் காத்திருக்கிறது. திருச்சியிலிருந்து சென்னை சுமார் 295 கி.மீ. யாழ்ப்பாணமோ சுமார் 185 கி.மீ.தான். தலைநகரைவிட யாழ்ப்பாணம்தான் அவர்களுக்குப் பக்கத்து ஊர்!

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்குப் போக, பல ஆண்டுகள் ஒரு முழு நாள் பிடித்தது. இன்றும் 45 நிமிடத்தில் பறந்து கடக்கக்கூடிய தூரத்துக்கு அரை நாள் ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஏன்?

குழந்தைகளும் போடலாம் இந்தக் கணக்கை

தூரத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பள்ளியில் படித்த அட்சரேகையே போதும்.

சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் விமான நிலையம் ஏறக்குறைய 9.8 டிகிரியில். வித்தியாசம் 3.2 டிகிரி. தீர்க்கரேகையோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 80 டிகிரியை ஒட்டியே வரும். அதாவது, சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது யாழ்ப்பாணம்.

ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கி.மீ. ஆக, 3.2 x 111 = 355 கி.மீ. அவ்வளவுதான் கணக்கு.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. அவர்களுக்குக் கடல் மைல்தான் அளவு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஒரு டிகிரியை 60 பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு ஒரு கடல் மைல். 3.2 x 60 = 192 கடல் மைல். கப்பலும் விமானமும் இந்த அளவை இன்றும் விடாமல் வைத்திருப்பதற்கு இந்த வசதிதான் காரணம்.

கோவைக்கோ மதுரைக்கோ இப்படி நேரடியாகக் கழித்துப் பார்க்க முடியாது. அவை தெற்கே தள்ளியிருப்பதோடு மேற்கேயும் தள்ளியிருக்கின்றன. அந்தச் சாய்வுதான் தூரத்தைக் கூட்டிவிடுகிறது.

பறப்பது 45 நிமிடம்... டிக்கெட்டில் ஏன் ஒன்றேகால் மணி?

இந்தத் தடத்தில் வந்து போவது ஏ.டி.ஆர். 72 வகை விமானங்கள். இறக்கையில் பெரிய விசிறிபோல் சுழலும் புரொப்பல்லர் இருக்கும். 70 முதல் 78 பேர் உட்காரலாம். மேலே சென்றபின் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும்.

355 கிலோமீட்டரை 500-ஆல் வகுத்தால் 43 நிமிடம். ஆனால், கால அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் போட்டிருப்பார்கள். மீதி நேரம் எங்கே போகிறது?

விமான நிறுவனங்கள் நேரத்தைக் கணக்கிடுவது தரையை விட்டு எழும் கணத்திலிருந்து அல்ல. நின்ற இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், போன ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது வரை எல்லாமே பயண நேரம். சென்னை போன்ற பரபரப்பான விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்கவும் கால் மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும்.

அடுத்தது, திசை. சென்னையின் பிரதான ஓடுபாதை கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. யாழ்ப்பாணமோ தெற்கே. எனவே, விமானம் கிழக்கிலோ மேற்கிலோ எழும்பி, பிறகு தெற்கே திரும்ப வேண்டும். பலாலியின் ஓடுபாதை வடகிழக்கு - தென்மேற்கு வாக்கில் இருக்கிறது. அங்கேயும் ஒரு சுற்று வளைந்துதான் இறங்க வேண்டும். நேர்கோட்டு 355 கி.மீ. இந்த வளைவுகளால் கொஞ்சம் நீண்டுவிடும்.

மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் போகாது. டெல்லி, மும்பை போன்ற தொலைதூரப் பயணத்தில் இந்த ஏற்ற இறக்கம் சின்னப் பகுதி. சென்னை - யாழ்ப்பாணம் போன்ற குட்டிப் பயணத்தில் அதுவே பெரும்பகுதி. "சீட் பெல்ட்டைக் கழற்றலாம்" என்று விளக்கு அணைந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடிப்பதற்குள், "இறங்கப்போகிறோம்" என்று அறிவிப்பு வந்துவிடும்.

காற்றுக்கும் பங்கு உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் யாழ்ப்பாணம் போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும். திரும்பி வரும்போது எதிர்த்து நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் இது தலைகீழ். தூரம் குறைவு என்பதால் வித்தியாசம் சில நிமிடங்கள்தான். இரண்டு பக்க நேரமும் அட்டவணையில் சரிசமமாக இல்லாவிட்டால் குழம்ப வேண்டாம்.

ஓர் ஆறுதல், கடிகாரத்தைத் திருப்பத் தேவையில்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இப்போது ஒரே நேரம்தான். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை வேறு நேரத்தில் ஓடியது. அந்த வித்தியாசம் இப்போது இல்லை.

1947-லேயே இருந்த பாதை

இது புதுப் பாதை என்று நினைத்தால் அது தவறு. இலங்கைக்கென்று ஏர் சிலோன் நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் பயணமே இந்த வழியில்தான். 1947 டிசம்பர் 10 அன்று, கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து கிளம்பிய டகோட்டா விமானம், காங்கேசன்துறையில் இறங்கி, பிறகு சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்று அன்று குறிக்கப்பட்டது இதே பலாலி விமானத் தளம்தான். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம் அது.

டகோட்டா கொஞ்சம் மெதுவான விமானம். மணிக்கு 270 கி.மீ. வேகம் என்று வைத்தால், பலாலியிலிருந்து சென்னைக்கு வானில் மட்டும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் பிடித்திருக்கும். இன்றைய அட்டவணையில் இருக்கும் மொத்த நேரமும் அதே அளவுதான். முக்கால் நூற்றாண்டில் விமானத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கானாலும், குட்டிப் பயணம் என்பதால் மிச்சமான நேரம் சொற்பம்தான்.

விமானத்துக்கு வசதி இல்லாதவர்களுக்கு ரயிலும் கப்பலும் இருந்தன. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயில். 'போட் மெயில்' என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்வது இதைத்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. பலாலியிலிருந்து இந்தியாவுக்கு இருந்த விமான சேவை, 1970-களின் இறுதியிலேயே முடிந்துபோயிருந்தது.

பிறகு பலாலி ராணுவத் தளமானது. சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கோயிலும் பள்ளிக்கூடமும் தோட்டமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. வரைபடத்தில் 355 கி.மீ. அப்படியேதான் இருந்தது. மனிதர்களுக்கு மட்டும் அது எட்டாத தூரமாகிவிட்டது.

தெற்கே போய், மீண்டும் வடக்கே வந்து...

போர் முடிந்து, பாதைகள் திறந்த பிறகும் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக ஒரே வழிதான் இருந்தது. கொழும்பு வழி.

சென்னையில் விமானம் ஏறி, யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே கொழும்புக்கு 645 கி.மீ. பறக்க வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கி, பஸ்ஸிலோ ரயிலிலோ வேனிலோ மறுபடி வடக்கு நோக்கிக் கிளம்ப வேண்டும். கொழும்பு - யாழ்ப்பாணம் தரைவழி கிட்டத்தட்ட 400 கி.மீ. ஏழெட்டு மணி நேரப் பயணம். அதாவது, 355 கி.மீ. தள்ளியிருக்கும் ஊருக்கு 1,000 கி.மீ. சுற்று!

இந்தச் சுற்றுவழியின் வலி, சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியாது. அவர்களுக்கு ஒரு நாள் தாமதமானால் ஒரு கோயில் குறையும். உறவுகளை அக்கரையில் வைத்திருப்பவர்களுக்கு அப்படியில்லை.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகன் சென்னையில், தாய் யாழ்ப்பாணம் சுன்னாகத்தில். விடியற்காலை தம்பியிடமிருந்து போன். "அண்ணை, அம்மா மோசம் போயிட்டா. நீங்கள் எப்ப வருவியள்? எடுக்கிற நேரம் சொல்லவேணும்." முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியுமா, கொள்ளி வைக்கப் போய்ச் சேர முடியுமா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குச் சொல்லும் பதிலில் இருக்கிறது. அந்த நேரத்தில் அண்ணன் மனதில் ஓடுவது கிலோமீட்டர் கணக்கு இல்லை, மணிக் கணக்கு.

அந்த இரண்டு வழிகளின் மணிக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

கொழும்பு வழி: வீட்டிலிருந்து விமான நிலையம் 1 மணி, முன்கூட்டியே சென்று காத்திருப்பது 3 மணி, விமானம் ஒன்றரை மணி, குடிவரவுச் சோதனையும் பெட்டியும் 1 மணி, தரைவழி ஏழரை மணி. மொத்தம் 14 மணி நேரம். பஸ் உடனே கிடைத்தால்தான் இதுவும்.

பலாலி வழி: வீட்டிலிருந்து 1 மணி, காத்திருப்பு 3 மணி, விமானம் ஒன்றேகால் மணி, சோதனையும் பெட்டியும் 1 மணி, பலாலியிலிருந்து வீடு முக்கால் மணி. மொத்தம் 7 மணி நேரம்.

சரிபாதி! காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீட்டு வாசலில் நிற்கலாம். "எடுக்கிற நேரம்" கேட்கும் தம்பிக்கு ஒரு பதில் சொல்லலாம்.

திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11-ம் தேதி அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் சென்னை - யாழ்ப்பாணம் சேவை தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து வந்த விமானம். அந்த மகிழ்ச்சி நான்கு மாதம்தான் நீடித்தது. 2020 மார்ச்சில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது.

மறுபடி விமானம் வந்தது 2022 டிசம்பர் 12-ல். இடைப்பட்ட இரண்டே முக்கால் ஆண்டு, மீண்டும் கொழும்புச் சுற்றுதான்.

2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோ நிறுவனமும் சென்னை - யாழ்ப்பாணம் தடத்தில் இறங்கியது. 2025 மார்ச் 30-ல் அதே நிறுவனம் திருச்சி - யாழ்ப்பாணம் சேவையைத் தொடங்கியது. திருச்சியிலிருந்து பறக்கும் நேரம், கணக்குப்படி பார்த்தால் அரை மணிக்கும் குறைவு. ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்த்தே ஒரு மணி நேரம் அளவில் முடிந்துவிடும் பயணம். தஞ்சாவூர், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் பக்கத்துக் குடும்பங்கள் இனி சென்னைவரை ஏறிவந்து இறங்க வேண்டியதில்லை.

கடல்வழியும் திறந்திருக்கிறது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் புறப்பட்டது. தூரம் சுமார் 110 கி.மீ. நான்கு மணி நேரம் அளவில் பிடிக்கும். கடல் சீற்றமாக இருக்கும் மாதங்களில் நின்றுவிடும் என்பதால், கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்வது அவசியம்.

கிலோமீட்டரில் அளக்க முடியாத தூரம்

விமானம் வந்துவிட்டதால் எல்லோருக்கும் தூரம் குறைந்துவிட்டதா? இல்லை.

தமிழகத்தின் மறுவாழ்வு முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் வாழ்கிறார்கள். பலர் கைக்குழந்தையாகப் படகில் வந்து, இங்கேயே வளர்ந்து, பிள்ளை பெற்றவர்கள். அவர்களில் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அநேகம். ஊர் திரும்ப நினைத்தால் பயண ஆவணம் வேண்டும், இந்திய அரசின் வெளியேறும் அனுமதி வேண்டும். அந்தக் காகிதங்கள் கைக்கு வரும்வரை, மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானத்தை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும்.

அந்தப் பக்கமும் இதே கதை உண்டு. சென்னையில் வைத்தியம் பார்க்க, பிள்ளையைப் படிக்கவைக்க, சிதம்பரம் நடராஜரைத் தரிசிக்க, கல்யாணச் சேலை எடுக்க தி.நகர் வர யாழ்ப்பாணத்தில் ஆசைப்படாதவர்கள் குறைவு. இந்திய விசாவும் டிக்கெட் காசும் சேர்ந்தால்தான் அது நடக்கும். தூரம் குறைவென்றாலும் இது சர்வதேசப் பயணம். விமான நிலையக் கட்டணங்களும் வரிகளும் சேரும்போது, மதுரை டிக்கெட் விலையில் யாழ்ப்பாணம் போக முடிவதில்லை.

கிளம்பும் முன் கவனிக்க...

* பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், டிக்கெட் எடுக்கும் அன்றே சரிபாருங்கள்.

* ஒன்றேகால் மணிப் பயணம்தானே என்று கடைசி நேரத்தில் கிளம்ப வேண்டாம். சென்னையில் சர்வதேச முனையத்துக்குத்தான் செல்ல வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக இருப்பது நல்லது.

* சிறிய விமானம் என்பதால் மேலே பெட்டி வைக்கும் இடமும் சிறியது. ஊறுகாய், முறுக்கு என்று கையில் மூட்டை கட்டுவதற்கு முன் டிக்கெட்டில் உள்ள எடை அளவைப் படித்துவிடுங்கள்.

* புரொப்பல்லர் விமானம் பெரிய ஜெட்டைவிடத் தாழ்வான உயரத்தில் பறக்கும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழை மேகங்களுக்கு நடுவே கொஞ்சம் குலுங்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. பெல்ட்டைக் கழற்றாமல் இருங்கள்.

* சாவு, கல்யாணம் போன்ற நாள் தவறக் கூடாத காரியம் என்றால், எந்தெந்தக் கிழமைகளில் விமானம் உண்டு என்பதை முதலில் பாருங்கள். விமானம் இல்லாத நாளில் கொழும்பு வழியைக் கையில் வைத்திருங்கள்.

* யாழ்ப்பாணம் போகும்போது வலது ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். நேர்கோடு வரைந்தால் பாதை கடலுக்கு மேல்தான். வானம் தெளிவாக இருந்தால் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று சோழமண்டலக் கரை வலது பக்கம் கூடவே வரும்.

கோடியக்கரை முனையைத் தாண்டியதும் கரை சட்டென்று மேற்கே விலகி மறையும். கீழே கடல் மட்டும்தான். பலாலிக்கு அங்கிருந்து சுமார் 60 கி.மீ. ஏ.டி.ஆர். விமானத்துக்கு அது பத்து நிமிடத் தூரம். அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்கத்தான், நாற்பது ஆண்டுகள் ஒரு தலைமுறையே காத்திருந்தது.

சற்று நேரத்தில் ஜன்னலில் பனைமரக் கூட்டம் தெரியும். செம்மண் தோட்டங்கள் தெரியும். சக்கரம் தரையைத் தொட்டதும் அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் போனை எடுப்பார்கள்.

"இறங்கிட்டன் அம்மா. உலையை வையுங்கோ, சாப்பாட்டுக்கு வந்திடுவன்."